மணல் மனையில் பறவைகளுக்கு எதை நடுவது? இராமநாதபுரம் கடற்கரைக்கான ஓர் ஒப்பீடு

"வீட்டைச் சுற்றி நாலு சென்ட் மணல் சும்மா கிடக்கிறது. குருவி, குயில் வர வேண்டும். உகா வைக்கலாமா, ஆல் வைக்கலாமா, நர்சரியில் சொல்கிற சிங்கப்பூர் செர்ரியே போதுமா?" தொண்டியில் தொடங்கி மூக்கையூர் வரை கடலோரத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். எல்லோர் மனத்திலும் இருப்பது ஒரு மரம். ஆனால் இந்தக் கரையில் முதல் இடம் முட்புதருக்குத்தான். மரத்தில் பறவை வந்து தின்றுவிட்டுப் போகும். புதர் இருந்தால் கூடு கட்டித் தங்கும். எனினும் எல்லா மனைக்கும் புதர் பொருந்தாது. எது எங்கே சரிப்படும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூழைக்கடா, செங்கால் நாரை, பூநாரை எல்லாம் வீட்டுச் செடிக்கு வரமாட்டா. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற சரணாலயக் கண்மாய்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில். தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைக்கு வேண்டியது ஆழமில்லாத உப்பங்கழி. நம் வேலிக்குள் எதிர்பார்க்கக் கூடியவை சின்னான், தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, குயில், மைனா, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, செம்போத்து, புறா வகைகள், சில்லைகள். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈபிடிப்பான், சூறைக்குருவிக் கூட்டம்.

## எதை வைத்து முடிவு செய்வது

தண்ணீரின் உப்பு. செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் சோதிக்கப் பயன்படும் டிடிஎஸ் மீட்டரே போதும். லிட்டருக்கு 1,300 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இங்கே சொல்லும் எல்லாமே பிழைக்கும். 1,300 முதல் 2,600 வரை என்றால் தேர்வு சுருங்கும். அதற்கு மேல் என்றால் உகா (மிஸ்வாக் குச்சி மரம்), சங்கு என்னும் முட்செடி, பூவரசு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சித்திரை, வைகாசியில் எடுக்கும் அளவுதான் கணக்கு. மழைக்காலத்தில் மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் மிதந்து நிற்கும். அப்போது சோதித்தால் ஏமாந்துபோவீர்கள்.

காற்று வரும் பக்கம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்களுக்குக் கச்சான் காலத்தில், அதாவது வைகாசி முதல் ஆவணி வரை, உப்புச் சாரலும் மணலும் சேர்ந்து அடிக்கும். தேவிபட்டினம், தொண்டி என்று பாக் நீரிணைப் பக்கத்தில் அதே வேலையை வாடைக்காற்று செய்யும். இலை ஓரம் மட்டும் தீய்ந்ததுபோல் பழுப்பாவதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது சாரல் உப்பு. வாரம் ஒரு முறை இலைமேல் நல்ல தண்ணீர் தெளித்தாலே குறையும்.

ஆடு. இங்கே கன்று பட்டுப்போகும் காரணங்களில் தண்ணீருக்கு அடுத்தது ஆடு. வேலிச் செலவைச் சேர்க்காமல் கன்று விலையை மட்டும் பார்த்துத் திட்டம் போடக் கூடாது.

பறவைக்குக் கிடைப்பது என்ன, எந்த மாதம். பழமா, தேனா, புழுவா, கூட்டுக்கு மறைவா? பழமும் தேனும் வளர்ந்த பறவைக்குப் போதும். குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு, பூச்சிதான் ஊட்டப்படுகிறது. தேன்சிட்டும் குஞ்சுக்குச் சிலந்தியும் சிறு பூச்சியும் கொண்டுவரும். எனவே புழு வராத செடி எவ்வளவு பூத்தாலும் பாதிப் பயன்தான்.

இடமும் பொறுமையும். செப்டிக் தொட்டி, மதில், மின்கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, எத்தனை ஆண்டு காத்திருக்க முடியும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | உப்பு தாங்குமா | பயன் தொடங்க | முக்கியமாகத் தருவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| முட்புதர் வேலி | சங்கு நன்றாக. மற்றவை ஓரளவு | 2–3 ஆண்டு | கூடு, புழு, சிறு பழம் | முள், ஆண்டுக்கு ஒரு கழிப்பு |
| உகா | மிக நன்றாக | 4–6 ஆண்டு | கோடைப் பழம், நிழல் | 15–20 அடி பரவும் |
| கல்யாண முருங்கை, பூவரசு | பூவரசு நன்றாக. முருங்கை ஓரளவு | 2–3 ஆண்டு | தேன் | கிளை முறிவு, இலை வீக்கம் |
| ஆல், அரசு | ஓரளவு | போத்து (வெட்டிய கிளை) நட்டால் விரைவு. கன்றுக்குப் பல ஆண்டு | பழம், பொந்து | வேர் மதிலைப் பிளக்கும் |
| பனை | நன்றாக | 12 ஆண்டுக்கு மேல் | கூடு | காத்திருப்பு |
| சிங்கப்பூர் செர்ரி | தாங்காது | 1–2 ஆண்டு | பழம் | தொடர்ந்து நல்ல தண்ணீர் |

## முட்புதர் வேலி

சங்கு, காரை, சிறுகளா, தொரட்டி, விடத்தலை இந்த ஐந்தும் சேர்ந்தால் வேலி. ஓரத்தில் ஒரு குடைவேலம் வைத்தால் நிறைவு. எல்லாம் இந்த மண்ணிலேயே சாலையோரமும் கோயில் காட்டிலும் தானாக நிற்பவை.

சங்கின் ஒவ்வொரு கணுவிலும் நான்கு வரை முள் நீட்டிக்கொண்டிருக்கும். பூனை உள்ளே கை விட முடியாது, காக்கை இறங்க முடியாது. அதனால்தான் சின்னானும் தையல்சிட்டும் அதைத் தேடிப் போகின்றன. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு முட்கிளை நுனியில் தொங்கவிடும் கூட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தால், சிலந்தி நூலில் மரப்பட்டைத் துணுக்கும் புழுவின் எச்சமும் ஒட்டி, ஏதோ காற்றில் சிக்கிய குப்பை போலவே இருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறு வாசலும் அதன் மேல் இறக்கிய தாழ்வாரமும் கண்ணில் பட்டால்தான் கூடு என்று தெரியும். இப்படிக் கூட்டைக் கண்டுபிடித்தால் பத்து அடி தள்ளி நில்லுங்கள்.

தொரட்டியிலும் அதன் உறவான ஆதொண்டையிலும் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் முட்டை இடும். சங்கையும் உகாவையும் இளஞ்சிவப்பு நிறச் சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு தின்னும். ஒரு வாரம் இலை சல்லடையாகத் தெரியும். அதைப் பார்த்து வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள். அந்தப் புழுதான் குஞ்சுக்குச் சோறு. இரண்டு வாரத்தில் புதுத் துளிர் வந்துவிடும்.

இருபது அடி நீள வேலிக்குக் கணக்கு இது. மூன்றடி இடைவெளியில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு செடி, ஒரு வரிசையின் இடைவெளிக்கு எதிரே மற்ற வரிசையின் செடி வருமாறு. மொத்தம் 14. அதில் ஆறு சங்கு, மூன்று காரை, இரண்டு சிறுகளா, இரண்டு தொரட்டி, ஒரு விடத்தலை. சங்கு ஆறு வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் வரை அடையாளம் தெரியாது. ஒன்றிரண்டு மட்டும் வைத்துவிட்டு "காய்க்கவே இல்லை" என்று பிடுங்கி எறிந்தவர்கள் பலர். காய்த்து நிற்கும் செடியிலிருந்து கிளை வெட்டிப் பதியம் போட்டால் அது பெண் என்று உறுதி. கடல் பார்த்த வரிசையில் சங்கையும், வீட்டுப் பக்க வரிசையில் காரையையும் களாவையும் வையுங்கள். பின்னவை சாரலுக்குச் சங்கு அளவு ஈடுகொடுக்காது.

விடத்தலை ஒன்றுக்கு மேல் வேண்டாம். இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக அழகாகப் பூக்கும், பூச்சியும் நிறைய வரும். ஆனால் வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே போகும். ஆண்டுதோறும் மண்வெட்டியால் வரம்பு கட்ட வேண்டும்.

கிளை கழித்துவிடுவது ஆவணிக் கடைசி, புரட்டாசியில் மட்டும். பெரும்பாலான கூடுகள் அதற்குள் காலியாகியிருக்கும். ஆனாலும் கிளை விலக்கிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். மதில்போல் சதுரமாகக் கத்தரித்தால் பூ வரும் நுனியெல்லாம் போய்விடும், பழமே இருக்காது. அடியில் விழும் சருகைக் கூட்டவே கூடாது. ஐப்பசிக்குப் பிறகு வரும் ஆறுமணிக்குருவி இரை தேடுவது அந்தச் சருகைக் கிளறித்தான்.

பாம்பு வராதா என்று கேட்பார்கள். புதர் இருந்தால் எலியும், எலி இருந்தால் பாம்பும் வரலாம் என்பது உண்மை. வாசலிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் 15 அடி தள்ளி நடுங்கள். புதரை ஒட்டி விறகு அடுக்க வேண்டாம், கோழிக்கூடும் வேண்டாம். அவ்வளவு இடம் இல்லாத சிறு மனைக்குப் புதர் ஒத்துவராது; அவர்கள் அடுத்த தேர்வைப் பார்க்கட்டும்.

## உகா

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மிஸ்வாக் குச்சிக்காக இந்த மரம் எல்லோருக்கும் தெரியும். உப்புத் தண்ணீருக்கும் சாரலுக்கும் இதைவிடத் துணிந்த பழமரம் இந்தக் கரையில் இல்லை. மிளகை விடச் சற்றுப் பெரிதான, கண்ணாடிபோல் மின்னும் சிவப்புப் பழம். வாயில் போட்டால் முதலில் இனிக்கும், பிறகு கடுகுபோல் சுர்ரென்று ஏறும். வேறு பழம் அருகிப்போகும் கோடையில் இது பழுப்பதுதான் இதன் மதிப்பு. குயில், சின்னான், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் வரும். வடக்கே கிளம்பும் முன் சூறைக்குருவிக் கூட்டம் இறங்கினால் ஒரு கிளையை நிமிடத்தில் காலி செய்துவிடும்.

குறைகள் இரண்டு. ஒன்று, மெதுவாக வளரும். முதல் இரண்டு ஆண்டு வளர்ச்சி பெரும்பாலும் மண்ணுக்குள்தான். இரண்டு, நெட்டாக வளராமல் தரையைத் தொட்டுக்கொண்டு 15, 20 அடி பரவும். கீழ்க்கிளைகளை நீக்கி மரமாக்க நினைப்பவர்கள் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். அடுத்த கச்சானில் மரம் சாய்கிறது. ஆண்டுக்கு இரண்டு கிளை போதும். இன்னும் நல்லது, பரவ விட்டுவிடுவது.

விதையைப் பழம் பறித்த சில நாளிலேயே போட வேண்டும். வைத்திருந்தால் முளைப்பு வேகமாகக் குறையும். சதையைக் கழுவி நீக்கிவிட்டு, மணல் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். சதையோடு போட்டால் முளைக்காது.

தண்ணீர் மிக உப்பாக இருக்கும் மனைக்கும், ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்பவருக்கும் இதுதான் என் முதல் தேர்வு.

## கல்யாண முருங்கையும் பூவரசும்

இரண்டையும் போத்தாக நடலாம் என்பதால் செலவு கிட்டத்தட்ட இல்லை. மணிக்கட்டுக் கனம், ஏழரை அடி நீளத்தில் வெட்டி, மேல் வெட்டில் சாணி அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் இறக்கி மிதித்துவிட்டால் போதும். ஆறடி உயரத்தில் துளிர் வருவதால் ஆட்டுக்கு எட்டாது. இது பெரிய லாபம்.

கல்யாண முருங்கை தை, மாசியில் இலை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும்போது மைனா, கரிச்சான், காக்கை, தேன்சிட்டு என்று மரமே இரையும். அந்த ஒன்றிரண்டு மாதம்தான். மற்ற நாளில் மரம் அமைதி. மரம் மென்மை. கச்சானில் கிளை முறியும், எனவே ஓட்டுக் கூரைக்கும் படகு நிறுத்தும் இடத்துக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. நுண்ணிய குளவி ஒன்று இலைக்காம்பில் முட்டையிட்டு, இலையை வீங்கி முறுக்க வைக்கும். அந்தக் கிளையை வெட்டி எரிப்பதைத் தவிர வேறு எளிய வழி இல்லை. பட்டுப்போன அடிமரம் இருந்தால், கீழே ஆபத்தில்லை என்றால், விட்டுவிடுங்கள். செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைவது இப்படி மென்மையான மரத்தில்தான்.

பூவரசு கடல் தண்ணீர் வந்து போகும் இடத்திலும் நிற்கும். ஆண்டில் பெரும்பகுதி பூ இருக்கும். தேன்சிட்டு வரும், ஆனால் பழம் தின்னும் பறவைக்கு ஒன்றும் இல்லை. காற்றுத் தடுப்பாக வைத்து, அதன் மறைவில் மற்றதை நடுவது சிறந்த பயன்.

## ஆல், அரசு

பறவை எண்ணிக்கை மட்டுமே கணக்கென்றால் ஆலுக்கு நிகர் எதுவும் இல்லை. ஒவ்வொரு மரமும் வெவ்வேறு மாதத்தில் பழுப்பதால், ஊரில் நாலைந்து ஆல் இருந்தால் ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்றில் பழம் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வேண்டாம். மதிலிலிருந்தும் செப்டிக் தொட்டியிலிருந்தும் 50 அடியாவது வேண்டும். நாலு சென்ட்டில் அது நடக்காது. ஊரணிக் கரை, பள்ளி மைதானம், பள்ளிவாசல் அல்லது கோயில் நிலம் ஆகியவைதான் இதற்கு இடம். ஊராட்சியில் எழுத்தாக அனுமதி வாங்கி, எட்டடிப் போத்தாக நடுங்கள். இன்னொரு செலவும் உண்டு. பறவை எச்சத்தில் விழும் ஆல விதை பனை மட்டை இடுக்கிலும் மொட்டைமாடி விரிசலிலும் முளைக்கும். மாடியில் ஆண்டுக்கு இரு முறை பார்த்துப் பிடுங்க வேண்டும்.

## பனை

இது பேரனுக்கான தேர்வு. பனை உழவாரன் தொங்கும் ஓலையின் மடிப்பில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும். தூக்கணாங்குருவி ஓலை நுனியில் தொங்கவிடும். தலை போன மொட்டைப் பனையில் பனங்காடையும் கிளியும் குடியிருக்கும். எனவே மனையில் ஏற்கெனவே பனை நின்றால் அதைக் காப்பதே புதிதாக எதை நடுவதையும் விட மேல். காய்ந்த ஓலையை முழுவதும் சீவி "சுத்தம்" செய்வதுதான் உழவாரனை விரட்டுகிறது. கீழ் வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ஓலையாவது தொங்கட்டும். மொட்டைப் பனை வீட்டின் மேல் சாயாது என்றால் நிற்கட்டும்.

புதிதாக வைப்பவர் ஆவணி, புரட்டாசியில் கொட்டையை நேராக நிலத்தில் அரை அடி ஆழத்தில் போட வேண்டும். முளை முதலில் கீழ்நோக்கி மூன்றடி வரை இறங்குவதால் பையில் வளர்த்து எடுத்து நடுவது பெரும்பாலும் தோற்கும்.

## சிங்கப்பூர் செர்ரி

நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுக்குள் பழம், சின்னானும் மைனாவும் நிச்சயம். ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டல மரம். நம் புழுக்களுக்கு அதில் வேலை குறைவு. கிளை பொடிசு, வேர் மேலோட்டம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இரண்டாம் கோடையில் நுனியிலிருந்து காய்ந்து வரும். அதைக் காப்பாற்றக் காவிரிக் கூட்டுக் குடிநீரை எடுத்து ஊற்ற வேண்டியதாகிறது. குடிக்க வரும் தண்ணீரை அதற்குச் செலவிடுவது எனக்கு ஒப்பவில்லை. உச்சிப்புளித் தென்னந்தோப்புபோல் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில், வேறு செடி வளரும் வரை இடைக்காலத்துக்கு ஒன்று வைக்கலாம்.

பழமரத்தில் எதை வைத்தாலும் கருவாடு காயப்போடும் களத்துக்கும் துணிக்கொடிக்கும் மேலே கிளை வரக் கூடாது. எச்சம் விழும். அதோடு, மரம் காக்கைக்கு அமர்விடமாகிவிட்டால் கருவாட்டுக்குக் காவல் போட வேண்டியிருக்கும்.

## எதை வைத்தாலும் நடும் முறை இதுதான்

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம் என்று கன்று கொடுப்பார்கள். இந்தக் கரையில் அது கச்சானும் வறட்சியும் உச்சத்தில் இருக்கும் நேரம். வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய பைக்கு மாற்றி நிழலில் வைத்திருங்கள், நடாதீர்கள். மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. ஐப்பசி முதல் நல்ல மழைக்கு அடுத்த நாள் நட்டால், கோடைக்குள் வேர் ஈர மணலைத் தொட்டுவிடும்.

குழி மரத்துக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் இரண்டடி, புதருக்கு ஒன்றரை. தோண்டிய மணல் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பை (கண்மாயில் எடுக்கும் வண்டல் மண்) ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு. கரம்பை இல்லாமல் எரு மட்டும் போட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். பச்சை மீன் கழிவைக் குழியில் போட்டால் இரவே நாய் தோண்டிவிடும். கரை ஒதுங்கும் கடற்புல்லை மூடாக்காகப் போடுவதானால் ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியில் நனைந்து உப்பு கழிந்த பிறகு போடுங்கள். அதுவரை தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் போதும்.

தண்ணீர் உப்பாக இருந்தால் தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதுதான் மிகப் பெரிய தவறு. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வேர்மட்டத்தில் தங்கும். சில மாதத்தில் மணல்மேல் வெள்ளைப் பூத்துவிடும். அதற்குப் பதில் வாரம் ஒரு முறை செடிக்கு இரண்டு குடம் சேர்த்து ஊற்றுங்கள். உப்பு வேருக்குக் கீழே இறங்கும்.

வேலிக்குக் கம்பி வாங்க வேண்டியதில்லை. சீமைக்கருவேல் முள்ளை வெட்டிக் கன்றைச் சுற்றி அடுக்கினால் இரண்டு ஆண்டு தாங்கும். நெற்று ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஆடு அதைத் தின்று போடும் இடமெல்லாம் சீமைக்கருவை முளைக்கும்.

மனையில் ஏற்கெனவே சீமைக்கருவை அடர்ந்து நின்றால் பொக்லைன் வைத்து ஒரே நாளில் எடுக்காதீர்கள். புறாவும் செம்போத்தும் இப்போது ஒதுங்கியிருப்பது அதில்தான். மூன்றில் ஒரு பகுதியை வேரோடு தோண்டி எடுத்து அங்கே நடுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி தழையும். புதிய செடி இடுப்பளவு வந்ததும் அடுத்த பகுதி.

கன்றுக்கு வனத்துறை நாற்றங்காலில் முதலில் கேளுங்கள். பூவரசு பெரும்பாலும் கிடைக்கும். சங்கு, காரை, தொரட்டி, சிறுகளா விலைக்குக் கிடைப்பது அரிது. சாலையோரப் புதரில் பழம் பழுக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து, கழுவி, அன்றே பையில் ஊன்றுங்கள். குடைவேலம் விதைக்கு மட்டும் கொதித்து இறக்கிய வெந்நீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். செடியைத் தோண்டி எடுக்க வேண்டாம்; ஆழமாக வேர் விட்ட காட்டுப்புதர் இடம் மாறினால் பிழைப்பதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. அங்கிருந்து விதைகூட எடுக்கக் கூடாது.